இரு குடும்பங்களுக்கு ஒரு வீடு: குடிபுகுந்து பதினெட்டு மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

நானும் என் தங்கையும் எங்கள் குடும்பங்களோடு ஒரே கட்டடத்தில் குடியிருக்கத் தொடங்கிப் பதினெட்டு மாதங்கள் ஆகின்றன. அந்த வீட்டை எங்களுக்கு வடிவமைத்துக் கொடுத்த கட்டடக்கலைஞரின் பணியைப் பற்றியது இந்த மதிப்புரை. குடிபுகுந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் இது வெறும் பாராட்டாக இருந்திருக்கும். நான்காம் மாதத்தில், தூக்கம் கெட்ட ஓர் இரவில் எழுதியிருந்தால் வெறும் புகாராக இருந்திருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லும் நிதானம் இப்போதுதான் வந்திருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின் கண்ணில் படாமல் வாழ வழி செய்வதில் அவர் மிகவும் கெட்டிக்காரர். காதில் விழாமல் வாழ வழி செய்வதில் கோட்டை விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் நால்வர், தங்கை வீட்டில் அவளுடைய மாமியாரையும் சேர்த்து ஐவர். முதல் வரைவிலிருந்து வேலைக்கான விரிவான வரைபடங்கள், கட்டுமான இடத்தைப் பார்வையிடுதல், குடிபுகுந்த பின் ஒருமுறை வந்து ஆய்வு செய்தல் வரை முழுப் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்திருந்தோம். கட்டணத்தை ஐந்து தவணைகளாகப் பிரித்து, கடைசித் தவணையைக் குடிபுகுந்து ஆறு மாதம் கழிந்து நடக்கும் ஆய்வுக்குப் பின்னரே செலுத்துவது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். அந்த நிபந்தனையை முன்வைத்தவரே அவர்தான் என்பதைக் குறிப்பிட வேண்டும். பின்னால் அது எங்களுக்குக் கைகொடுத்தது.

முதல் சந்திப்பில் எத்தனை அறைகள் வேண்டும், எவ்வளவு பரப்பு வேண்டும் என்று கேட்பார் என எதிர்பார்த்துப் போனோம். அவர் அவற்றைக் கேட்கவே இல்லை. பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு அன்றாடம் நடப்பதை எழுதச் சொன்னார். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கக் கூடாது என்பது நிபந்தனை. எப்போது எழுகிறீர்கள், தொலைபேசியில் நீண்ட நேரம் பேச எங்கே போய் நிற்கிறீர்கள், கழற்றிய செருப்பை எங்கே விடுகிறீர்கள், சொல்லாமல் வரும் விருந்தினரை எந்த அறை வரைக்கும் அனுமதிப்பீர்கள் என்றெல்லாம் கேள்விகள் இருந்தன. அவற்றில் ஒன்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “தாமதமாக வீடு திரும்பும் நாளில் யார் கண்ணில் படாமல் உள்ளே போக விரும்புவீர்கள்?”

“இதற்கெல்லாமா அக்கா பதில் எழுதுவார்கள்?” என்று சிரித்த என் தங்கைதான் கடைசியில் பதினொரு பக்கம் எழுதினாள். இரவில் வேலை தொடர்பாகப் பேசிவிட்டு மாடியில் கால்மணி நேரம் தனியாக நிற்பது தனக்குப் பிடிக்கும் என்றும், அப்போது ‘என்ன, தூக்கம் வரவில்லையா?’ என்று எவரும் கேட்கக் கூடாது என்றும் எழுதியிருந்தாள். வீடு கட்டி முடித்த பின்னர் அவளே இதை என்னிடம் சொன்னாள். அந்தக் கேள்வியை அதிகமாகக் கேட்டவள் நான்தான்.

தனிமை பற்றிய ஆய்வில் பெயர்பெற்ற உளவியலாளர் இர்வின் ஆல்ட்மன் 1975-ல் முன்வைத்த ஒரு விளக்கம் இங்கே பொருந்தும். அவர் தனிமையை, ஒருவர் தம்மை யார், எப்போது, எந்த அளவுக்கு நெருங்கலாம் என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்ளும் கட்டுப்பாடாகப் பார்த்தார். ஒரே ஆள் காலையில் கதவைத் திறந்து வைக்கவும், மாலையில் சாத்திக்கொள்ளவும் இயல வேண்டும் என்பது அதன் நடைமுறைப் பொருள். எங்கள் கட்டடக்கலைஞர் அந்தப் பெயரை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை என்றாலும், அந்த நோட்டுப் புத்தகங்களிலிருந்து அவர் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றும் இதே வழியில்தான் அமைந்திருந்தன.

இரு குடும்பங்கள் சேர்ந்து வாழும் வீடுகளுக்கு ஜப்பானில் ‘நிசெதாய்’ என்று தனிப் பெயரே உண்டு. அங்கு அவற்றை மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: எல்லாவற்றையும் பகிர்வது, சிலவற்றை மட்டும் பகிர்வது, கட்டடம் மட்டும் ஒன்றாக இருந்து உள்ளே முழுவதும் பிரிந்திருப்பது. எங்கள் மனைக்கு இந்த மூன்று வகையிலும் தனித்தனியாக ஒரு வரைவு போட்டுக் காட்டினார். சமையலறை, குளியலறை, மாடிப்படி ஆகியவை இரட்டிப்பாகும்போது செலவு எப்படி ஏறுகிறது, புழங்கும் பரப்பு எப்படிக் குறைகிறது என்பது மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. இரண்டாம் வகையைத் தேர்ந்தெடுத்தோம். பிறகு ஐந்து முறை திருத்தியதில், பாதி தூரம் மூன்றாம் வகையை நோக்கி நகர்ந்துவிட்டோம்.

திருத்தங்களிலேயே பெரிய சண்டை சமையலறையைப் பற்றியது. இரண்டு சமையலறை எதற்கு, ஒன்றைப் பெரிதாகக் கட்டினால் போதாதா என்று வாதாடியவள் நான். அதற்குப் பதிலாக அவர் ஒரு பழைய வீட்டின் தரைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார். 1922-ல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ருடால்ஃப் ஷிண்ட்லர் என்ற கட்டடக்கலைஞர் தம் குடும்பமும் நண்பர் கிளைட் சேஸின் குடும்பமும் சேர்ந்து வாழக் கட்டிய கிங்ஸ் ரோடு வீடு அது. வளர்ந்தவர்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு பணியறை, ஒவ்வொரு தம்பதியின் பகுதியும் எல் வடிவில் தனக்கென ஒரு தோட்டத்தை நோக்கித் திரும்பியிருக்கும் அமைப்பு, ஆனால் சமையலறை மட்டும் இருவருக்கும் ஒன்று. சேஸ் குடும்பத்தினர் 1924-ல் அங்கிருந்து போய்விட்டார்கள். சமையலறைதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் சுட்டிக்காட்டியது வேறொன்று. ஷிண்ட்லரின் மனைவி பாலின் கணவரைப் பிரிந்து சென்று, பல ஆண்டுகள் கழித்து அதே வீட்டின் மறுபாதிக்குத் திரும்பி, தனியாக அங்கேயே வாழ்ந்தார். மணமுறிவையே தாங்கிக்கொள்ளும் அளவுக்கு அந்தத் தரைப்படம் இரு பாதிகளையும் பிரித்து வைத்திருந்தது என்பதே அவர் எங்களுக்குக் காட்ட விரும்பியது. இரண்டு சமையலறைக்கு நான் ஒப்புக்கொண்டேன். கழுவாத பாத்திரங்களைக் காலை வரை தொட்டியில் போட்டுவைக்கும் உரிமை எவ்வளவு பெரியது என்று இப்போது தெரிகிறது.

இந்த வடிவமைப்பின் மிகச் சிறந்த பகுதி நுழைவு. வெளி வாயிற்கதவு ஒன்றுதான். அதிலிருந்து நான்கு மீட்டர் நீளத்துக்குப் பொதுவான நடைபாதை வந்து, ஒரு தாழ்ந்த செடிப்பாத்தியைச் சுற்றி இரண்டாகப் பிரிகிறது. எங்கள் கதவு தெருவை நோக்கியும், தங்கையின் கதவு அதற்குச் செங்குத்தாகப் பக்கவாட்டுச் சுவரிலும் இருப்பதால், ஒரு கதவைத் திறந்து நிற்பவருக்கு மற்றக் கதவு தெரியாது. இரண்டு கதவுகளுக்கும் வெளியே செருப்பு வைக்கும் இடத்தை உள்வாங்கிய மாடமாக அமைத்து, அதற்கு மரப்பட்டிகளால் ஒரு மறைப்பும் கொடுத்திருக்கிறார். யார் வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்பதை வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்தே கணக்குப் போடும் வழக்கம் எங்கள் இரு வீட்டாருக்கும் உண்டு. அந்தக் கணக்குக்கு இடமில்லாமல் போயிற்று. மாடமாக வரைந்ததற்குக் காரணம் கேட்டபோது, நோட்டுப் புத்தகங்களில் மூவர் செருப்பைப் பற்றி எழுதியிருந்ததாக மட்டும் சொன்னார். எந்த மூவர் என்று இன்று வரை சொல்லவில்லை.

சன்னல்களிலும் இதே கவனம் தெரிகிறது. நிற்பவரின் கண்மட்டம் பொதுவாக ஒன்றரை மீட்டரை ஒட்டி இருக்கும். ஆகவே இரு வீடுகளும் எதிரெதிரே பார்க்கும் சந்தில் உள்ள சன்னல்களின் அடிமட்டத்தை ஒரு மீட்டர் எழுபது சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிட்டார். வெளிச்சமும் காற்றும் வருகின்றன, பார்வை மட்டும் வருவதில்லை. உயர்த்த முடியாத இடங்களில் ஒரு சன்னலுக்கு நேரே மற்றொரு சன்னல் வராதபடி நகர்த்தியிருக்கிறார். பகலில் வெளியிலிருந்து கண்ணாடி போல் தெரியும் ஒட்டுத்தாளைப் போட்டால் செலவு குறையுமே என்று ஒப்பந்தக்காரர் யோசனை சொன்னபோது அதை உடனே மறுத்தார். அந்தத் தாள் வெளிச்சம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத்தான் மறைக்கும். இரவில் உள்ளே விளக்கு எரியும்போது நிலைமை தலைகீழாகி, வெளியே இருட்டில் நிற்பவருக்கு அறை முழுவதும் தெரியும். மங்கல் கண்ணாடியும் இரவில் நிழலுருவத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், குளியலறைகளில் கண்ணாடியை மட்டும் நம்பாமல் சன்னலையே மேலே ஏற்றினார். மொட்டை மாடியில் மட்டும் கைப்பிடிச் சுவர் உயரத்துக்கே தடுப்பு வைத்திருந்தார். அது உட்கார்ந்திருப்பவரை மறைக்கும், நிற்பவரை மறைக்காது. தங்கையின் இரவுக் கால்மணி நேரத்தைப் பற்றிய பக்கத்தை மீண்டும் படித்துவிட்டோ என்னவோ, நான்காம் திருத்தத்தில் அவரே அதை ஆளுயரச் சாய்பட்டித் தடுப்பாக மாற்றினார்.

இரு வீடுகளுக்கும் இடையே உள்ள இணைப்புக் கதவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். முதல் வரைவில் அது ஒற்றைக் கதவாக, எங்கள் பக்கத்தில் தாழ்ப்பாளோடு இருந்தது. அப்படியானால் திறக்கும் அதிகாரம் எங்களிடம், தட்டும் வேலை அவர்களிடம் என்றாகிவிடும் என்று தங்கையின் கணவர் மெதுவாகச் சொன்னார். அடுத்த வரைவில் அது, தங்கும் விடுதிகளில் அடுத்தடுத்த அறைகளை இணைக்கும் கதவைப் போல, ஒரே நிலைக்குள் இரண்டு கதவுகளாக மாறியது; ஒவ்வொன்றும் அவரவர் பக்கம் திறக்கும், தாழ்ப்பாளும் அவரவர் பக்கமே. இருவரும் திறந்தால்தான் வழி. எங்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டால், அவர்கள் தங்கள் கதவைத் திறப்பதும் திறக்காததும் அவர்கள் விருப்பம். திறக்காமல் இருப்பதற்கு எந்த விளக்கமும் தேவையில்லை. பிள்ளைகள் இதற்கு இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். பெரியவர்கள் எங்களுக்குத்தான் மூடிய கதவைக் கண்டால் மனம் சுணங்காமல் இருக்கச் சில மாதங்கள் பிடித்தன.

பகிர்ந்துகொள்பவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துணி துவைக்கும் இடம், வண்டி நிறுத்துமிடம், கருவிகள் வைக்கும் அறை, பெரிய நீர்த்தொட்டி ஆகியவை பொது. மின்சாரத்துக்கும் நீருக்கும் தனித்தனி அளவுமானிகள் வைத்தது நல்ல முடிவு. கட்டணச் சீட்டு பொதுவாக வந்தால், அடுத்தவர் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு எரிகிறது என்று கண் தானாகவே தேடும். பொதுச் சேமிப்பறை சிறியது. அது எல்லா வீடுகளிலும் சிறியதுதான்.

இனிக் குறைக்கு வருகிறேன்.

குடிபுகுந்த இரண்டாம் வாரத்தில், வரவேற்பறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகன் தலையை நிமிர்த்தாமலே, “சித்தி தும்முறாங்க” என்றான். நடுவே இருப்பது இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். தும்மல் மட்டுமன்று, அடுத்த சில நாட்களில் தங்கையின் மாமியார் தொலைபேசியில் பேசும் வார்த்தைகளைக்கூட எங்களால் பிரித்துக் கேட்க முடிந்தது. எங்களுக்குக் கேட்பது அவர்களுக்கும் கேட்கும் என்று புரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினோம். சொந்த வீட்டில் கிசுகிசுப்பது மிகவும் களைப்பூட்டும் வேலை.

சுவரின் ஒலித்தடுப்பை அளக்க எஸ்டிசி என்றொரு மதிப்பு இருக்கிறது. ஏறத்தாழ 30 உள்ள சுவருக்கு அப்பால் உரக்கப் பேசினால் வார்த்தைகள் ஓரளவு புரியும். 50-ஐ எட்டினால் உரத்த பேச்சும் ஏறக்குறைய அடங்கிவிடும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, ஒரே கட்டடத்தில் உள்ள இரு குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் சுவருக்கு ஆய்வக அளவில் 50, கட்டி முடித்த இடத்தில் அளந்தால் 45 என்று குறைந்தபட்ச வரம்பு வைத்திருக்கிறது. இருபுறமும் ஒழுங்காகப் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இந்த வரம்பை எட்டக்கூடியதே. ஆகவே கட்டடக்கலைஞர் தேர்ந்தெடுத்த சுவரில் பிழையில்லை. பிழை அந்தச் சுவரில் இருந்த ஓட்டைகளில் இருந்தது, ஓட்டைகளைப் பற்றி அவருடைய வரைபடத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஒலி நீரைப் போன்றது. வழி கிடைத்த இடத்தில் கசியும். சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அந்தச் சுவர் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது என்பது எளிய கணக்கு. தங்கையின் பக்கத்தில் வானொலியை ஓடவிட்டு, நான் எங்கள் பக்கத்தில் சுவரோரமாகக் காதை வைத்துக்கொண்டே நகர்ந்தேன். சுவரின் நடுவில் ஏறக்குறைய அமைதி; ஸ்விட்ச் பெட்டிக்கு அருகே வந்ததும் அறிவிப்பாளர் என் காதுக்குள்ளேயே பேசினார். பெட்டியின் மூடியைக் கழற்றினோம். அந்தப் பக்கம் தங்கையின் கணவர் கைவிளக்கைப் பிடித்தார். எங்கள் பெட்டிக்குள் ஒரு சிறிய வட்டமாக வெளிச்சம் வந்து விழுந்தது. பொது வாயிலின் அழைப்பு மணிக்கான கம்பியைக் கொண்டுபோக மின்பணியாளர் இரு வீட்டுப் பெட்டிகளையும் நேருக்கு நேர் வைத்து, நடுவே ஒரு குழாயைச் சொருகியிருந்தார். வரைபடத்திலும் அவை நேருக்கு நேராகவே இருந்ததால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

இரண்டாவது கசிவைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு மாதம் ஆனது. வரவேற்பறையில் பொய்க்கூரை போட்டிருந்தோம். அதன் ஒரு பலகையைக் கழற்றி எட்டிப் பார்த்தால், பொய்க்கூரைக்கு மேலே கண்ணில் படாத பகுதி என்பதால் சுவரைப் பூசாமலே விட்டிருந்தார்கள். சுவரின் உச்சிக்கும் உத்திரத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி சுவர் நெடுகவும் ஓடியது. பூசாத செங்கல் சுவரில் கலவை முழுமையாக நிரம்பாத இணைப்புகள் வழியே ஒலி கசியும் என்பது கொத்தனார்களுக்குத் தெரியாத செய்தியன்று, யாரும் அவர்களிடம் கேட்காத செய்தி. பார்வைக்கு எட்டாத இடத்தைப் பூசுவது வீண்செலவு என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. கட்டுமானத்தின்போது ஒன்பது முறை வந்து பார்வையிட்டவர், சன்னலின் உயரத்தை ஒவ்வொரு முறையும் தம் கையாலேயே அளந்து பார்த்தவர், பொய்க்கூரை மூடப்படுவதற்கு முன் ஒருமுறை ஏணியில் ஏறிப் பார்த்திருக்கலாம்.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்திய குறை ஒன்று உண்டு, அது அவர் மிகவும் பெருமைப்பட்ட இடத்திலேயே அமைந்துவிட்டது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1997-ல் கட்டி முடிக்கப்பட்ட இரட்டை வீடு ஒன்றின் படத்தை அவர் தம் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார். இரண்டு குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட அந்த வீட்டில் நடுச்சுவர் நேராக மேலேறுவதில்லை. தளத்துக்குத் தளம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து ஏறும். எந்தக் குடும்பத்துக்கு எந்த உயரத்தில் எவ்வளவு இடம் தேவையோ அதற்கேற்ப இருவரும் பேசிப் பேசி நகர்த்திய சுவர் அது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வளைவை அவர் வைத்தார்: தங்கையின் பணியறை அவர்கள் பகுதியிலிருந்து நீண்டு வந்து எங்கள் படுக்கையறைக்கு மேலே உட்காருகிறது. குறுக்குவெட்டுப் படத்தில் அது உண்மையிலேயே அழகாக இருந்தது, நானும் வியந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அறையில் நாற்காலியை இழுத்தால் என் தலைக்கு மேல் இடி இடிக்கும். தங்கை இரவில் வேலை செய்பவள். காற்றின் வழியே வரும் பேச்சும், தளத்தைத் தட்டுவதால் வரும் அதிர்வும் இரண்டு வேறு சிக்கல்கள். முதலாவதற்குக் கனமான தளம் உதவும், இரண்டாவதற்குக் கனத்தைக் கூட்டுவதால் சிறு பயனே உண்டு. கான்கிரீட் மேல் நேரடியாக ஒட்டிய ஓடு, தட்டிய ஒலியை அப்படியே கீழே இறக்கிவிடும். அதைத் தடுக்கத் தளத்துக்கும் மேற்பூச்சுக்கும் நடுவே நெகிழ்வான ஒரு படலத்தை விரித்து, மேற்பூச்சு நான்கு பக்கச் சுவர்களையும் தொடாதபடி ஓரங்களிலும் அதே படலத்தை மடித்துவிட வேண்டும். கட்டும்போது செய்தால் சில நாள் வேலை. கட்டிய பின் செய்வதென்றால் தரை ஓடுகளைப் பெயர்க்க வேண்டும், கதவின் அடியைச் செதுக்க வேண்டும். இரு குடும்பங்களும் முழுவதும் பக்கவாட்டில் பிரிந்திருந்தால் இந்தச் செலவே தேவைப்பட்டிருக்காது. ஒருவர் தலைக்கு மேல் மற்றவரை வைப்பதென்றால், அந்த முடிவை எடுத்த நாளிலேயே தரையின் அடுக்குகளையும் வரைந்திருக்க வேண்டும்.

மேல்மாடிக் குளியலறையின் கழிவுநீர்க் குழாயும் இந்தக் கணக்கில் சேரும். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் என் கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவரோடு இறங்கி, தரைமட்டத்தில் வளைகிறது. செங்குத்தாக விழும் நீர் கிடைமட்டமாகத் திரும்பும் வளைவில்தான் இரைச்சல் மிகுதி என்பதை ஒவ்வொரு நாளும் அதிகாலை ஐந்து மணிக்குத் தெரிந்துகொண்டேன். தங்கையின் மாமியார் எத்தனை மணிக்கு எழுகிறார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தியே இல்லை. அதை அவரும் அறிந்து, விடியும் வரை தண்ணீரைத் திறக்காமல் இருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டபோது எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது.

புகாரை அவர் எதிர்கொண்ட விதத்தை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். ஆறாம் மாத ஆய்வுக்கு வந்தவரிடம் எதையும் சொல்லாமல் எங்கள் படுக்கையறையில் உட்காரவைத்துவிட்டு, மேலே நாற்காலியை இழுக்கச் சொன்னேன். அவர் கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இது என் தவறு, பார்ப்பதை மட்டுமே வரைந்திருக்கிறேன்” என்றார். மறுவாரம் தம் செலவில் ஆட்களை அனுப்பி, இரு வீட்டு ஸ்விட்ச் பெட்டிகளையும் அறுபது சென்டிமீட்டர் விலக்கி வைத்து, நடுக்குழாயை எடுத்துவிட்டு ஓட்டையைக் கலவையால் அடைத்தார். பொய்க்கூரைக்கு மேலிருந்த சுவர் பூசப்பட்டது. உச்சி இடைவெளியில் நெகிழ்ந்துகொடுக்கும் அடைப்பான் வைக்கப்பட்டது. குழாயைச் சுற்றிப் பாறைக்கம்பளி வைத்து, இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகையால் பெட்டி போல் மூடினார்கள். இப்போது என் மகனுக்குச் சித்தியின் தும்மல் கேட்பதில்லை. இணைப்புக் கதவின் இரு பலகைகளுக்கும் ஓரங்களில் ரப்பர் பட்டை பொருத்தியதும், நடுவில் உள்ள காற்றிடைவெளியால் அந்தக் கதவின் ஒலித்தடுப்பு சுவருக்கு இணையாக இல்லாவிட்டாலும் அதற்கு அருகில் வந்துவிட்டது.

சேவையின் மற்றக் கூறுகளில், இரண்டு குடும்பங்களையும் இரண்டு தனி வாடிக்கையாளர்களாகவே அவர் கடைசி வரை நடத்தியதை மிகவும் மதிக்கிறேன். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோனதே இல்லை. முடிவெடுக்க வேண்டியவற்றை இருவருக்கும் ஒரே நாளில் ஒரே கடிதமாக அனுப்பினார். பராமரிப்புச் செலவை எப்படிப் பங்கிடுவது, ஒரு குடும்பம் வெளியேற விரும்பினால் அவர்கள் பகுதியை யார் வாங்குவது, இணைப்புக் கதவை எப்படி மூடிச் சுவராக்குவது என்பன வரை ஒரு குறிப்பைத் தயாரித்துக் கொடுத்து, அதை வழக்கறிஞரிடம் காட்டி ஒப்பந்தமாக்கச் சொன்னார். இணைப்புக் கதவின் நிலைக்கு மேல் உத்திரம் போட்டிருப்பதும், அந்த இடத்தில் மின்கம்பி எதுவும் செல்லாததும் என்றேனும் அதை அடைக்க வேண்டிவந்தால் ஒரே நாளில் முடியும்படிக்கே என்று சொன்னபோது தங்கைக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. காலதாமதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: வரைபடப் பணி மட்டுமே ஏழு மாதம் இழுத்தது, நடுவில் உதவியாளர் மாறியபோது இரண்டு திருத்தங்கள் காணாமற்போய், நாங்கள்தான் பழைய தாளைத் தேடி எடுத்துக் கொடுத்தோம்.

இரு குடும்பங்களாகக் குடியிருக்க எண்ணுபவர்கள் இவரைப் போன்ற ஒருவரிடம் போனால், முதல் வரைவிலேயே மூன்று தாள்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: யார் எங்கிருந்து எதைப் பார்க்கலாம் என்பதைக் காட்டும் படம், யார் எந்த வழியாக வருவார் போவார் என்பதைக் காட்டும் படம், ஒலி எந்தெந்தச் சுவர், தளம், குழாய் வழியே கடக்கும் என்பதைக் காட்டும் குறுக்குவெட்டு. முதல் இரண்டையும் இவர் கேட்காமலே தருவார். மூன்றாவதைக் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. கடைசித் தவணையை ஆய்வுக்குப் பிறகே தரும் நிபந்தனையையும் எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தங்கையின் பணியறைத் தரையில் இப்போதைக்குத் தடித்த கம்பளமும், நாற்காலிக் கால்களில் கம்பளித் துண்டுகளும் இருக்கின்றன. இடி, தூரத்து இடியாகியிருக்கிறது. பிள்ளைகளின் அடுத்த விடுமுறையில் அந்தத் தரையைப் பெயர்த்து நெகிழ்படலம் போடப் போகிறோம். கூலியும் பொருளும் எங்கள் பொறுப்பு, வரைபடம் அவர் பொறுப்பு என்று பேசி முடித்திருக்கிறோம். போன வாரம் அது வந்து சேர்ந்தது. தரையின் ஒவ்வொரு அடுக்கையும் தடிமனோடு குறித்து, சுவரைத் தொடக் கூடாத ஓரங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டு, வட்டங்களுக்குப் பக்கத்தில் ‘மூடும் முன் நான் வந்து பார்க்க வேண்டும்’ என்று கையால் எழுதியிருக்கிறார்.